அவளுக்கும் ஒரு நாலு பேர்

மகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவளுடைய போனை எடுத்துப் படித்தேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. கிழமை மறக்கவில்லை, ஏனென்றால் மறுநாள் புதனிலிருந்து 17 நாள் அவள் என்னோடு பேசவில்லை. முழு மௌனம் என்று சொல்ல முடியாது. "ம்", "தெரியல", "வச்சிடு" என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு வீடு நடந்தது. அவளுக்கு அப்போது 14 வயது.

இப்போது 17. இதை எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "எழுது. பேர் போடாத. என்னை ரொம்ப நல்லவளாவும் காட்டாத" என்றாள். இரண்டையும் காப்பாற்றப் பார்க்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் பிரிவுகளை மாற்றிப் போட்டார்கள். அதுவரை கூடப் படித்த பிள்ளைகள் சிதறிப்போக, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத வகுப்பில் இவள் போய் உட்கார்ந்தாள். இயல்பிலேயே கூச்சக்காரி. இடைவேளை நேரத்தை நூலகத்தில் தனியாகக் கழிக்கிறாள் என்று தெரிந்ததும் நான்தான் அரித்தெடுத்தேன்: "நாலு பேரோட பழகு. இப்படி ஒதுங்கி ஒதுங்கி இருந்தா எப்படி?" சொல்லி ஒரே மாதத்தில் நாலு பேர் கிடைத்துவிட்டார்கள். கணக்காக நாலு. இவளோடு சேர்த்து ஐந்து. எனக்கு மகிழ்ச்சிதான். அறைக்குள்ளிருந்து போனில் சிரிக்கும் சத்தம் கேட்டால் வெளியே இருந்து நானும் சிரித்துக்கொள்வேன்.

அந்தச் சிரிப்பு மாறியதைத்தான் முதலில் கவனித்தேன். இவள் சிரித்தால் நடுவில் மூக்கால் ஒரு உறிஞ்சல் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அது போய், வாயைக் கையால் மூடிக்கொண்டு தோளைக் குலுக்கும் சிரிப்பு வந்தது. வேறு யாருடையதோ சிரிப்பு. அப்புறம் ஆங்கிலத்தில் ஐ எழுத்தின் மேல் புள்ளிக்குப் பதிலாகக் குட்டி வட்டம். ஐந்து பேர் நோட்டிலும் அதே வட்டம் என்று பின்னால் தெரிந்தது. எட்டு வயதிலிருந்து ஆடிவந்த செஸ் "போரிங்" ஆகிவிட்டது. இதெல்லாம் வயசுக் கோளாறு, போகட்டும் என்று விட்டேன்.

விட முடியாதது ஒன்று இருந்தது. எங்கள் மாடிக்கு மேல்மாடியில் அவளுடைய பழைய தோழி இருந்தாள். முதல் வகுப்பிலிருந்து இருவரும் சேர்ந்துதான் பள்ளிக்குப் போவார்கள். திடீரென்று இவள் ஐந்து நிமிடம் முன்னதாகவே கிளம்ப ஆரம்பித்தாள். அந்தப் பிள்ளை இறங்கி வந்து மணி அடித்தால் நான் கதவைத் திறந்து, "அவ போயிட்டாளேம்மா" என்று சொல்ல வேண்டும். மூன்று நாள் சொன்னேன். நான்காம் நாள் மணி அடிக்கவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் மட்டும் எங்கள் கதவைத் தாண்டி இறங்கிப் போனது.

நான் செய்தது திட்டியதுதான். "அவங்க சகவாசமே சரியில்ல" என்று தொடங்கி, ஒவ்வொருத்தியின் பேச்சு, நடை, மதிப்பெண் என்று பிரித்து மேய்ந்தேன். என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய தப்பு வேறில்லை. நான் ஒருத்தியைக் குறை சொன்ன மறுநொடி என் மகள் அவளுக்கு வக்கீலாகிவிடுவாள். அந்தப் பெண்மீது இவளுக்கே உள்ளூர இருந்த சின்னச் சின்ன மனத்தாங்கல்கூட என் எதிரில் நின்று வாதாடும்போது காணாமல்போய்விடும். அவர்களைப் பற்றி என்னிடம் வந்து புலம்பவும் வழியில்லை. புலம்பினால் "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்பேன் என்று அவளுக்குத் தெரியும். என்றிருப்பேன், அதில் சந்தேகமே இல்லை.

என் பிழைப்பு கணக்குத் தணிக்கை. ரசீதைக் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்று சம்பளம் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். அந்தச் செவ்வாய் இரவு மகளையும் தணிக்கை செய்தேன்.

பூட்டைத் திறக்கும் எண் அவளுடைய பிறந்தநாள்தான். உள்ளே என்னுடைய எண்ணைத் தேடினேன். "வார்டன்" என்று பதிந்து வைத்திருந்தாள். அது சுருக்கென்றது, ஆனாலும் தாங்கிக்கொள்ளலாம். ஐவர் குழுவைத் திறந்தபோதுதான் கை நடுங்கியது. மேல்மாடிப் பிள்ளை வாயைப் பிளந்து தூங்கும் படத்தை வெட்டி ஸ்டிக்கர் ஆக்கியிருந்தார்கள். இரண்டு வருடம் முன்பு ஒரு விடுமுறையில் எங்கள் வீட்டில் தங்கியபோது எடுத்த படம். அந்தப் போர்வை எங்கள் போர்வை. அதாவது படத்தைக் கொடுத்தவள் என் மகள். யாராவது எதையாவது முட்டாள்தனமாகச் சொன்னால் பதிலுக்கு அந்த ஸ்டிக்கர். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள், அதில் ஒன்று இவளுடையது. அதற்கும் கீழே, இரவு 11.40 வாக்கில், இவள் பக்கத்தில் "இந்தச் செய்தியை நீக்கிவிட்டீர்கள்" என்று அடுத்தடுத்து மூன்று வரி. எதையோ மறைக்கிறாள், இதைவிட மோசமாக என்னவோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

எழுப்பினேன். நள்ளிரவில், விளக்கைப் போட்டு, போனை முகத்துக்கு நேரே நீட்டி. எதிரிக்கும் அப்படி விடியக் கூடாது.

"எல்லாரும் செய்யறாங்கன்னா நீயும் செய்வியா? உனக்குன்னு ஒரு புத்தி இல்லையாடி?"

அவள் அழவில்லை. எழுந்து உட்கார்ந்து, கண்ணைக்கூடக் கசக்காமல் சொன்னாள்: "நீ மட்டும்? உன் குரூப்ல எல்லா அம்மாவும் சேர்த்தாங்கன்னுதானே என்னை அந்த டியூஷன்ல சேர்த்த? பிடிக்கலன்னு எத்தனை தடவ சொன்னேன்? நாலு பேர் என்ன நினைப்பாங்க, நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு சொல்லிச் சொல்லித்தானே என்னை வளர்த்த? இப்ப எனக்கும் நாலு பேர் இருக்காங்க. அவங்க என்ன நினைப்பாங்கன்னு நான் பார்க்கறேன்."

அந்த இடத்தில் வாயடைத்து நின்றேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் இன்னும் உரக்கக் கத்தினேன்.

அதோடு விட்டேனா? மறுநாள் காலை அந்த நால்வரில் தலைவி மாதிரி இருந்த பெண்ணின் அம்மாவுக்குப் போன் போட்டேன். நாகரிகமாகத்தான் பேசினேன். மதியத்துக்குள் அது அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் வேறு உருவத்தில் வந்துவிட்டது. மாலையில் மகளைப் பிள்ளைகள் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். மூன்று நாள் கழித்துத் திரும்பச் சேர்த்தார்கள். அந்த மூன்று நாளும் அவள் மறுபடி நூலகத்தில்தான் இடைவேளையைக் கழித்திருக்கிறாள். எந்தத் தனிமையிலிருந்து அவளை வெளியே தள்ளினேனோ, அதற்குள்ளேயே நான் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். திரும்பச் சேர்ந்தபோது மேல்மாடிப் பிள்ளையை நிமிர்ந்துகூடப் பார்க்கக் கூடாது என்பது சொல்லாமல் சொன்ன நிபந்தனை. ஆக, நான் யாருக்காகச் சண்டை போட்டேனோ அந்தப் பிள்ளைக்கு என்னால் நடந்தது இவ்வளவுதான்.

அந்த நாட்களில் பள்ளி ஆலோசகரைப் போய்ப் பார்த்தேன். புகார் சொல்லத்தான் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "உங்க பொண்ணைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச முக்கியமான விஷயங்கள் ஒரு பத்து சொல்லுங்க. ஒவ்வொண்ணும் உங்களுக்கு எப்படித் தெரிய வந்துச்சுன்னும் சொல்லுங்க." இருட்டுக்குப் பயம், கணக்கு ஆசிரியரைப் பிடிக்கும், தாத்தா இறந்தபோது அழாதது ஏன் என்பது என்று சொல்லிக்கொண்டே போனேன். ஆறு ஏழு ஆனதும் நிறுத்திவிட்டேன். எல்லாமே அவளாக ஏதோ ஒரு நேரம் வந்து சொன்னவை. நான் துருவிக் கண்டுபிடித்தது ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

ஆலோசகர் சொன்ன ஓர் ஆய்வை வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஸ்வீடனில் ஹோகான் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு உளவியலாளர்கள் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் வைத்துச் செய்து, 2000இல் வெளியிட்டது. பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கண்காணிப்பும் கேள்விகளும் தந்தது கொஞ்சம். பெரும்பகுதி, பிள்ளை தானாகச் சொன்னது. அதுவரை நிபுணர்களே பெற்றோர் விவரம் தெரிந்து வைத்திருந்தால் அது நல்ல கண்காணிப்பின் பலன் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார்களாம். என் தணிக்கை மூளைக்கு அது பெரிய அடி.

அன்று தொடங்கிய படிப்பு சில வாரம் நீண்டது. எல்லாவற்றையும் இங்கே கொட்டப் போவதில்லை. மூன்று மட்டும் சொல்கிறேன், அவை இல்லாமல் நான் அடுத்துச் செய்தவற்றுக்கு அர்த்தம் இருக்காது.

மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட சோதனை ஒன்று. 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆடவிட்டார்கள். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் நிறுத்தாமல் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதுதான் கணக்கு. 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடும்போது பெரியவர்களைப் போலத்தான் ஆடினார்கள். கூட நண்பர்கள் நின்று பார்த்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு துணிந்தார்கள். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த வேறுபாடே இல்லை. அதாவது என் மகளுக்குப் புத்தி இருந்தது. வீட்டில் தனியாக இருக்கும்போது ஸ்டிக்கர் தப்பு என்று அவளுக்குத் தெரியும். பார்க்க ஆள் இருக்கும்போது அந்தப் புத்திக்குக் குரல் எழும்பவில்லை. போனில் குழு இருந்தால் இருபத்துநான்கு மணி நேரமும் நண்பர்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கிற மாதிரிதானே?

இரண்டாவது, விலக்கி வைக்கப்படுவது பற்றி. நவோமி ஐசன்பெர்கரும் கூட்டாளிகளும் 2003இல் செய்தது. கணினித் திரையில் மூன்று பேர் பந்து தூக்கிப் போட்டு விளையாடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்குப் பந்தைப் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அவ்வளவுதான் சோதனை. அந்த அற்ப விளையாட்டில் ஒதுக்கப்பட்டதற்கே, உடல் வலியின் வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதி கிளர்ந்ததைப் படம் பிடித்தார்கள். "ஒரு குரூப்புலேர்ந்து தூக்கிட்டா என்ன, உயிரா போயிடும்?" என்று நான் அந்த மூன்று நாளில் கேட்டிருந்தேன். வலிக்கிறது என்றால் வலிக்கிறதுதான்.

மூன்றாவது எனக்குப் பிடித்தது. 1950களில் சாலமன் ஆஷ் கல்லூரி மாணவர்களிடம் நீளமான கோடு, குட்டையான கோடு காட்டி எது எதற்குச் சமம் என்று கேட்டார். குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாம் அவரே ஏற்பாடு செய்த ஆட்கள், ஒன்றுசேர்ந்து தப்பாகச் சொல்வார்கள். நான்கில் மூன்று பங்குப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பான விடையைச் சொன்னார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் சரியாகச் சொன்னால் போதும், இவர்களும் பெரும்பாலும் பணியவில்லை. நாலு பேரை எதிர்க்க நாலு பேர் தேவையில்லை, ஒரு ஆள் துணைக்கு இருந்தால் போதும். என் மகளுக்கு அந்த ஒரு ஆள் மேல்மாடியில் இருந்தாள். அவளைத்தான் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள்.

17ஆம் நாள். அவளை எங்கோ கூட்டிப்போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்தோம். இருட்டு. இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எனக்கே பேச வந்தது. "உன் போனை எடுத்துப் படிச்சது தப்பு. நடுராத்திரி எழுப்பினது தப்பு. அவங்க அம்மாகிட்டப் பேசினது அதைவிடத் தப்பு. மன்னிச்சுக்கோ." இதற்குப் பிறகு "ஆனா நீயும்" என்று ஒரு வாக்கியம் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். மூன்று வருடத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதை விழுங்கியதுதான் என்று சில சமயம் தோன்றும்.

இரண்டு தெரு தாண்டும்வரை பதில் இல்லை. அப்புறம் பின்னாலிருந்து குரல் வந்தது: "அந்த டெலீட் பண்ண மெசேஜ் மூணும் என்னன்னு தெரியுமா?"

"தெரியாது."

"'போதும், விடுங்கப்பா'ன்னு போட்டேன். யாரும் பார்க்கறதுக்குள்ள டெலீட் பண்ணிட்டேன். திரும்பப் போட்டேன். திரும்ப டெலீட் பண்ணிட்டேன்."

மூன்று தடவை. சாட்சி என் கையிலேயே இருந்தது. நான் அதைக் குற்றப் பத்திரிகையில் சேர்த்திருந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் சில ஏற்பாடுகள் செய்தோம். நான் மட்டும் போட்ட விதி எதுவும் நிற்கவில்லை, இருவரும் உட்கார்ந்து பேரம் பேசி வைத்தவை நின்றன.

முதல் ஏற்பாடு பூனை. எங்கள் வீட்டில் பூனை கிடையாது, இருந்ததும் கிடையாது. எங்காவது நண்பர்களோடு இருக்கும்போது நிலைமை பிடிக்காமல் போனால், கிளம்ப வாய் வராவிட்டால், "பூனை உள்ள வந்துடுச்சா?" என்று எனக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். நான் உடனே போன் செய்து, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, இப்போதே கிளம்பு என்று கத்துவேன். போய் அழைத்து வருவேன். என்ன நடந்தது என்று அன்று இரவு கேட்கக் கூடாது. கடைசி நிபந்தனை அவள் போட்டது. மற்றதெல்லாம் சுலபம், அது ஒன்றுதான் உயிரை எடுக்கும்.

இதன் அடியில் இன்னொரு ஒப்பந்தம் இருக்கிறது: எதற்கு வேண்டுமானாலும் என்னைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். "எங்கம்மா கொன்னுடுவாங்க", "எங்கம்மா ஒரு மாதிரி டைப்பு", எதுவானாலும் சரி. 14 வயதில் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்வதைவிட "எங்கம்மா விட மாட்டாங்க" என்பது ஆயிரம் மடங்கு எளிது, மானம் போகாது. நண்பர்கள் தள்ளுகிற பக்கம் போகாமல் நிற்கும் பலம் 14 வயதுக்கும் 18க்கும் இடையில்தான் சீராக வளர்கிறது என்று ஸ்டைன்பெர்க்கும் கேத்ரின் மோனஹனும் 2007இல் எழுதியிருக்கிறார்கள். அந்த நான்கு வருடத்துக்கு என் கெட்ட பெயரை இரவல் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? "வார்டன்" என்ற பெயர் அப்படியே இருக்கட்டும் என்று நானே சொல்லிவிட்டேன்.

மறுப்பதற்கு ஒத்திகையும் பார்த்தோம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். நான் நால்வரில் ஒருத்தியாக நடிப்பேன், அவள் மறுக்க வேண்டும். அதில் இருவரும் கண்டுபிடித்தது, காரணம் சொல்லி மறுத்தால் தோல்வி என்பது. "தலைவலி" என்றால் "மாத்திரை போட்டுக்கோ" என்பார்கள். "படிக்கணும்" என்றால் "அப்புறம் படி" என்பார்கள். காரணம் சொல்லாமல் "இல்லப்பா, நான் வரல" என்று சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சை எடுத்துவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அதுவும் முடியாதபோது "நாளைக்குச் சொல்றேன்". 13, 14 வயதில் அன்றைய தினத்தின் பரபரப்பு மறுநாள் இருப்பதில்லை. நான் நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "அவங்க யாரும் இப்படிப் பேச மாட்டாங்க, நீ சினிமா வில்லி மாதிரி பண்ற" என்றாள். அவர்கள் மிரட்டுவதே இல்லையாம். சும்மா ஒரு நொடி எதுவும் சொல்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்களாம். அதுதான் தாங்காதாம். நான் இதைப் புரிந்துகொள்ள அவ்வளவு நாளாகியிருக்கிறது. வற்புறுத்தல் என்றால் யாரோ கையைப் பிடித்து இழுப்பார்கள் என்றுதான் என் கற்பனை ஓடியது.

போன் விஷயத்தில் அவளுக்குத் தெரியாமல் எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். பதிலுக்கு இரவு பத்து மணிக்குப் போன் கூடத்தில் சார்ஜில் இருக்க வேண்டும். அந்த வயதில் எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது ஒரு காரணம், அந்த 11.40 நேரத்து உரையாடல்கள் நிற்க வேண்டும் என்பது இன்னொன்று. என் போனும் கூடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். முதலில் விதியை மீறிப் பிடிபட்டது நான்தான். அம்மாக்கள் குழுவை இரவு பதினொன்றுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையும் களவுமாக நின்றபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை, கையை மட்டும் நீட்டினாள்.

அந்த டியூஷனையும் நிறுத்தினோம். "ஏன் நிறுத்திட்டீங்க?" என்று குழுவில் கேட்டவர்களுக்கு நானும் மகள் சொல்லிக்கொடுத்தபடி காரணம் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். முதல் தடவை நெஞ்சு படபடத்தது. எனக்கு அப்போது 43 வயது.

வாக்குக்கு ஒரு விலக்கு உண்டு, அதை முன்கூட்டியே சொல்லி வைத்தேன். யாராவது மிரட்டினால், உடம்பு தெரிகிற மாதிரிப் படம் கேட்டால், பணம் கேட்டால், முன்பின் தெரியாத பெரியவர் யாராவது தொடர்ந்து பேசினால், அவளோ தோழிகளோ தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால், சாப்பாடும் தூக்கமும் அறவே விட்டுப்போனால், அப்போது ரகசியம் காக்க மாட்டேன். தலையிடுவேன், ஆனால் தலையிடப் போகிறேன் என்று அவளிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான். மிரட்டல் செய்தி வந்தால் பயத்தில் அழித்துவிடக் கூடாது, அப்படியே வைத்துக்கொண்டு அன்றைக்கே பெரியவர் ஒருவரிடம் காட்ட வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். இவை வெறும் நட்புச் சண்டை இல்லை. ஆலோசகர், மருத்துவர், தேவைப்பட்டால் காவல்துறை என்று போக வேண்டிய விஷயங்கள்.

அந்த நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிடச் சொன்னதும் ஆலோசகர்தான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சம்மதித்தேன். நான் மனசுக்குள் வரைந்து வைத்திருந்த தலைவி வேறு, வந்து நின்ற பெண் வேறு. குடித்த டம்ளரைத் தானே கழுவி வைத்தாள். மற்ற மூவரும் கிளம்பிய பிறகும், "ஆன்ட்டி, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா?" என்று கேட்டாள். தன் வீட்டுக்குப் போக அவளுக்கு அவ்வளவு அவசரம் இல்லை என்பது புரிந்தது. அதற்குமேல் நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் என் மகளைப் பிடிவாதமாக இழுத்துக்கொண்டுபோய்ப் பள்ளி நாடகத்தில் மேடையேற்றியதும் அதே பெண்தான். நான் ஒன்பது வருடம் சொல்லிப் பார்த்து நடக்காதது. அதே அழுத்தம், அதே ஆள். எந்தப் பக்கம் தள்ளுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நாம் அதற்குப் பெயர் வைக்கிறோம் போலிருக்கிறது.

மேல்மாடிப் பிள்ளையிடம் என் மகள் மன்னிப்புக் கேட்டாள். நான் கேட்கச் சொல்லவில்லை, ஆறு மாதம் கழித்து அவளாகவே படியேறிப் போனாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டாள். "சரின்னு சொல்லிட்டா. ஆனா சரியாகல" என்றாள். இப்போதும் சரியாகவில்லை. மாடிப்படியில் பார்த்தால் தலையாட்டிக்கொள்கிறார்கள். சேர்ந்து போவதில்லை. அந்தப் பிள்ளைக்கு வேறு தோழிகள் இருக்கிறார்கள். அதை நினைத்து நான் வருந்தினால் மகள், "அது அவ உரிமைம்மா" என்கிறாள்.

போன வருடம் படித்த இன்னொன்றையும் அவளிடம் காட்டினேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2022இல் வெளியான ஆய்வு. சின்னக் குழந்தைகளின் மூளை அம்மாவின் குரலுக்குத்தான் சிறப்பாக மலர்கிறது. 13 வயது வாக்கில் அது மாறி, அறிமுகமில்லாத குரல்களுக்கு அதிகமாகக் கவனம் கொடுக்கத் தொடங்குகிறது. வெளி உலகத்துக்குப் போகத் தயாராவதற்கான ஏற்பாடாம். "பாத்தியா, நான் வேணும்னு பண்ணல, என் மூளை பண்ணுச்சு" என்றாள். "அப்ப இத்தனை வருஷம் நான் கத்தினது?" என்றேன். "காதுல விழுந்துச்சும்மா. சிறப்பா மலரல" என்றாள். சிரித்தாள். நடுவில் அந்த மூக்கு உறிஞ்சல்.

பூனை இதுவரை மூன்று தடவை வந்திருக்கிறது. முதல் இரண்டும் சாதாரணம், ஒன்று வெறும் சோதனை என்றே சந்தேகம். மூன்றாவது சில மாதங்களுக்கு முன். யாரோ ஒருவர் வீட்டில் கூட்டம், இரவு 9.20. செய்தி வந்ததும் போன் போட்டேன். எதிர்முனையில் பாட்டுச் சத்தம், சிரிப்பு, தெரியாத குரல்கள். கத்தினேன். மணி என்ன ஆகிறது என்றேன், நாளைக்குப் பரீட்சை என்றேன், வேகத்தில் அப்பாவுக்குத் தலை சுற்றுகிறது என்றும் சேர்த்துவிட்டேன். போய் வாசலில் நின்றபோது அவளோடு நான்கைந்து பிள்ளைகள் முகம் வாடி வெளியே வந்தார்கள். ஒரு பையன் "டேக் கேர் ஆன்ட்டி" என்றான்.

வண்டியில் நான் ஒன்றும் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டே ஓட்டினேன். உள்ளே என்ன நடந்தது என்று மறுநாள் பாதி சொன்னாள். மீதிப் பாதி எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று இரவு சிக்னலில் நிற்கும்போது பின்னாலிருந்து ஹெல்மெட்டால் என் ஹெல்மெட்டை மெல்ல இடித்தாள்.

"கொஞ்சம் ஓவரா நடிச்சிட்ட. அப்பாவை யாரு இழுக்கச் சொன்னா? இப்ப எல்லாரும் மெசேஜ் பண்றாங்க."

வீட்டுக்குப் போனோம். அவர் கதவைத் திறந்தார், கையில் போன்.

"எனக்கு என்னாச்சு?" என்றார். "நாலு பேர் போன் பண்ணி விசாரிச்சிட்டாங்க."